சொன்ன பிறகு என்ன ஆகும்?

(உலக மனநல நாளையொட்டி நம் சங்கத்தின் அக்டோபர் மாதக் கூட்டத்தில் கிளப் ஹவுஸில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் கேட்டதால் இங்கே தருகிறேன்.)



அக்டோபர் 10 உலக மனநல நாள். அதையொட்டி யாராவது பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, டாக்டர் யாரையாவது கூப்பிடுங்கள் என்றுதான் சொன்னேன். டாக்டர் கிடைக்கவில்லை, ரிட்டயர்டு பேங்க் கிளார்க் கிடைத்தான். எனக்கு மருத்துவம் தெரியாது. தெரிந்தது கால்பந்து. சனி, ஞாயிறு இரவுகளில் இதே ஹாலில் பிள்ளைகளோடு உட்கார்ந்து இங்கிலீஷ் லீக் மேட்ச் பார்க்கிற ஒரே பெரியவன் நான்தான். சத்தம் அதிகம் என்று புகார் புத்தகத்தில் எழுதியவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், தெரியும்.

ஆகவே கால்பந்து வழியாகவே வருகிறேன். அதில் ஒரு வசதி. ‘இங்கே யாருக்கெல்லாம் டிப்ரஷன், கை தூக்குங்கள்’ என்று கேட்டால் ஒரு கையும் மேலே வராது. எங்கோ ஜெர்மனியில் ஒரு கோல்கீப்பருக்கு நடந்தது என்றால் நிம்மதியாகக் கேட்கலாம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. நாம் எல்லாவற்றையும் ‘மன அழுத்தம்’ என்கிறோம். பிள்ளைக்குப் பரீட்சை என்றாலும் மன அழுத்தம், பிராஞ்சில் ஆடிட் என்றாலும் மன அழுத்தம். ஆடிட் முடிந்து அவர்கள் காரில் ஏறியதும் அது போய்விடும். டிப்ரஷன் அப்படிப் போவதில்லை. வெளியே எல்லாம் நன்றாக இருக்கும்போதும் வரும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்கும். தூக்கம், பசி, பிடித்த வேலையில் இருந்த ஆசை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகும். அது நோய், அதற்கு வைத்தியம் உண்டு. மனச்சோர்வு என்பது அதற்குச் சரியான பெயர். ‘சோர்வு’ என்ற சொல்லும் அந்த நோய்க்குக் கொஞ்சம் மென்மைதான், ஆனாலும் இருப்பதை வைத்துக்கொள்வோம்.

ராபர்ட் என்கே. ஹானோவர் 96 என்ற ஜெர்மன் அணியின் கோல்கீப்பர். 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனியின் முதல் கோல்கீப்பராக நிற்கக்கூடியவர் என்று பேசப்பட்டவர். 2009 நவம்பர் 8ஆம் தேதி ஹாம்பர்க் அணிக்கு எதிராக முழு ஆட்டம் ஆடினார், 2-2 டிரா. இரண்டு நாள் கழித்து, நவம்பர் 10 அன்று, தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது 32.

கோல்கீப்பர் வேலை காஷியர் வேலை மாதிரி. நாள் முழுக்கச் சரியாக எண்ணிக் கொடுத்தால் யாரும் கைதட்ட மாட்டார்கள். சாயங்காலம் ஐநூறு ரூபாய் குறைந்தால் மொத்த பிராஞ்சும் உங்களையே பார்க்கும். என்கே சின்ன வயதிலேயே பெரிய அணிகளுக்குப் போனவர். லிஸ்பனில் பென்ஃபிகா, பிறகு 2002இல் பார்சிலோனா. அங்கே சரியாக அமையவில்லை. 2003இல் துருக்கியின் ஃபெனர்பாச்சே அணிக்கு அனுப்பினார்கள். அங்கே ஆடியது ஒரே ஒரு ஆட்டம். 3-0 தோல்வி. சொந்த அணியின் ரசிகர்களே பாட்டில்களையும் லைட்டர்களையும் அவர் மேல் வீசினார்கள். அவர் அந்த ஊரை விட்டே கிளம்பிவிட்டார். அந்த ஆண்டுதான் மனச்சோர்வுக்கு முதன்முதலாக டாக்டரிடம் போனார். வைத்தியம் பலித்தது. ஹானோவருக்கு வந்து மறுபடி எழுந்து நின்றார். ஒரே பெண் குழந்தை லாரா, பிறவியிலேயே இதயக் கோளாறு, 2006இல் இரண்டு வயதில் இறந்துபோனாள். அதையும் தாங்கிக்கொண்டு ஆடினார். 2009 மே மாதம் அவரும் மனைவி தெரேசாவும் லைலா என்ற கைக்குழந்தையைத் தத்தெடுத்தார்கள்.

அந்த ஆண்டின் பிற்பகுதியில் நோய் திரும்பி வந்தது. சில வாரங்கள் ஆடவில்லை. ஏதோ கிருமித் தொற்று என்றுதான் வெளியே செய்தி. டாக்டருக்கும் மனைவிக்கும் நெருங்கிய இரண்டொருவருக்கும்தான் உண்மை தெரியும். ஏன் மறைத்தார் என்பதை அவர் இறந்த மறுநாளே தெரேசா பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்து சொன்னார். பக்கத்தில் டாக்டரும் இருந்தார். இரண்டு பயங்கள். விஷயம் வெளியே தெரிந்தால் கால்பந்து போய்விடும் என்பது ஒன்று. அதைவிடப் பெரிய பயம், மனநோயாளியின் வீட்டில் குழந்தை இருக்கக்கூடாது என்று லைலாவை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்பது. அன்பு இருந்தால் எல்லாவற்றையும் சமாளித்துவிடலாம் என்று நினைத்தோம், எப்போதும் முடிவதில்லை என்று அந்த அம்மா சொன்னார்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். மனநோய் பற்றிப் பேசுகிற எல்லாரும் ‘வெளிப்படையாகப் பேசுங்கள், தயங்காதீர்கள்’ என்கிறார்கள். நல்ல பேச்சு. ஆனால் என்கே தயங்கியது கூச்சத்தால் இல்லை. அவர் ஒரு கணக்குப் போட்டார். சொன்னால் என்ன போகும், சொல்லாவிட்டால் என்ன போகும் என்ற கணக்கு. அந்தக் கணக்கு தப்பாகவும் இருந்திருக்கலாம். லைலாவை யாரும் எடுத்துக்கொண்டு போயிருக்க மாட்டார்கள் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அதை அவரிடம் நிச்சயமாகச் சொல்லக்கூடியவர்களிடம் கேட்பதற்கே அவர் முதலில் வாயைத் திறந்திருக்க வேண்டும். பூட்டின சாவி பெட்டிக்குள்ளேயே இருந்த கதை.

நவம்பர் 15 அன்று ஹானோவர் மைதானத்தின் நடுவில் அவர் சவப்பெட்டியை வைத்தார்கள். ஏறக்குறைய 40,000 பேர் வந்தார்கள். ஜெர்மன் கால்பந்துச் சங்கத் தலைவர் ட்ஸ்வான்ட்ஸிகர் அங்கே பேசும்போது, கால்பந்தே எல்லாம் ஆகிவிடாது என்றார். அடுத்த ஆண்டு என்கே பெயரில் ஒரு அறக்கட்டளை தொடங்கி, மனச்சோர்வு பற்றியும், குழந்தைகளின் இதய நோய் பற்றியும் இன்றுவரை வேலை செய்கிறார்கள்.

அவர் ஆட்டக்காரர். அடுத்து மேனேஜர்கள். கால்பந்தில் மேனேஜர் என்றால் நம் பிராஞ்ச் மேனேஜர் மாதிரி சீல் வைத்துக் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை. யாரை ஆடவைப்பது, எப்படி ஆடவைப்பது என்று முடிவு செய்கிறவர். தோற்றால் மைக் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்கிறவரும் அவரே. பிராஞ்ச் மேனேஜருக்கு மூன்று வருஷத்தில் டிரான்ஸ்ஃபர் வரும். இவர்களில் பலர் ஒரு சீசனைக்கூட முடிப்பதில்லை. ‘நாளைக் காலை உன் வேலை போகும்’ என்று 50,000 பேர் சேர்ந்து பாட்டுப் பாடுவதைக் கேட்டுக்கொண்டே வேலை செய்கிற உத்தியோகம் உலகத்தில் வேறு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

பழைய தலைமுறையில் கென்னி டால்கிலீஷ். லிவர்பூல் மேனேஜர். 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கி லிவர்பூல் ரசிகர்கள் இறந்தார்கள். அன்றைய காயத்தால் பல ஆண்டு கழித்து இறந்தவரையும் சேர்த்து 97 பேர். டால்கிலீஷும் அவர் மனைவியும் சாவு வீடுகளுக்கெல்லாம் போனார்கள். ஒரே நாளில் நான்கு இறுதிச் சடங்குகளுக்குப் போன நாளும் உண்டு. எல்லோருக்கும் ஆறுதல் சொன்னார். அவருக்கு யார் சொன்னார்கள்? அந்தக் காலத்தில் அப்படிக் கேட்கிற வழக்கமே இல்லை. 1991 பிப்ரவரியில் எவர்டனோடு ஓர் ஆட்டம். லிவர்பூல் நான்கு முறை முன்னிலை பெற்று, நான்கு முறையும் விட்டுக்கொடுத்து, 4-4. என்ன மாற்றம் செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தும் தன்னால் செய்ய முடியவில்லை என்று பின்னாளில் சொன்னார். இரண்டு நாளில் ராஜினாமா. அணி அப்போது லீக் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. அவருக்கு வயது 40 ஆகவில்லை. ஊரே அதிர்ந்தது. அழுத்தம் தாங்கவில்லை என்று அவர் சொன்னதை எத்தனை பேர் நம்பினார்கள் என்பது வேறு விஷயம். அதே ஆண்டு அக்டோபரில் பிளாக்பர்ன் அணிக்கு வந்து, 1995இல் லீக் கோப்பையையும் வாங்கிக் கொடுத்தார்.

அடுத்து இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன்.

ஒருவர் ரால்ஃப் ராங்னிக். 2011 செப்டம்பர் 22 அன்று ஜெர்மனியின் ஷால்கே அணி மேனேஜர் பதவியை விட்டார். அதே ஆண்டு மே மாதம்தான் அந்த அணிக்கு ஜெர்மன் கோப்பையை வாங்கித் தந்திருந்தார். உடலும் மனமும் வற்றிவிட்டன, என்னால் தொடர முடியாது என்றார். கழகமும் அதை மறைக்காமல் அப்படியே வெளியே சொன்னது. என்கே இறந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத காலம், அதை மறந்துவிடக் கூடாது. அடுத்த கோடையில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க், ஜெர்மனியின் லைப்சிக் என்று இரண்டு அணிகளையும் மேற்பார்க்கும் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. பிறகு மான்செஸ்டர் யுனைடெட், பிறகு ஆஸ்திரிய தேசிய அணி. 2024 ஐரோப்பியக் கோப்பையில் பிரான்சும் நெதர்லாந்தும் இருந்த பிரிவில் ஆஸ்திரியா முதலிடம் பிடித்ததை நம் பிள்ளைகள் இங்கேதான் பார்த்தார்கள்.

இன்னொருவர் மார்ட்டின் லிங். இவரை உங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. இங்கிலாந்தின் கீழ்ப் பிரிவுகளில் வேலை பார்த்த மேனேஜர். 2013இல் டார்க்கி யுனைடெட் என்ற சிறிய கழகத்தில் இருந்தபோது மனச்சோர்வில் விழுந்து விடுப்பில் போனார். சீசன் முடிவில் வேலை போயிற்று. குணமான பிறகு, தனக்கு வந்தது என்ன நோய் என்று மறைக்காமல் பேசினார். அப்புறம் இரண்டரை ஆண்டு வேலை இல்லை. அந்த நோயின் பெயர் தன்னோடு ஒட்டிக்கொண்டதும் அதற்கு ஒரு காரணம் என்று அவருக்குத் தோன்றியது. 2015 நவம்பரில் ஸ்விண்டன் டவுன் கூப்பிட்டது. இரண்டு மாதம் முடிவதற்குள் உடல்நலம் காரணம் என்று சொல்லி விலகிவிட்டார்.

இதோடு கதை முடிந்திருந்தால், ‘பார்த்தீர்களா, இதற்குத்தான் வாயைத் திறக்கக்கூடாது என்பது’ என்று எந்த வீட்டுப் பெரியவரும் சொல்லலாம். முடியவில்லை. 2017இல் லண்டனின் லேட்டன் ஓரியண்ட் கழகம் நூறு ஆண்டுக்கு மேல் இருந்த லீக்கிலிருந்தே கீழே விழுந்து, புதிய முதலாளிகள் கைக்கு வந்தது. அவர்கள் லிங்கைக் கூப்பிட்டார்கள், மேனேஜராக இல்லாமல் கால்பந்து இயக்குநராக. ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது, மேனேஜரைப் பார்த்துக்கொள்வது அந்த வேலை. வாராவாரம் மைதான ஓரத்தில் நின்று வசவு வாங்க வேண்டியதில்லை. அந்தக் கழகத்தில் அவர் முன்பு ஐந்து ஆண்டுக்கு மேல் மேனேஜராக இருந்தவர், அவர் திறமை அவர்களுக்குத் தெரியும். 2019இல் ஓரியண்ட் பழைய லீக்குக்குத் திரும்பியது. 2023இல் இன்னும் ஒரு படி மேலே போனது.

இரண்டு பேருமே வாயைத் திறந்து சொன்னவர்கள்தான். எனக்குத் தெரிந்து தைரியத்தில் இருவருக்கும் வித்தியாசம் இல்லை. ஒருவருக்கு நாற்காலி காத்திருந்தது. இன்னொருவருக்கு நான்கு ஆண்டு கழித்து, அவருக்கு ஏற்ற உயரத்தில் ஒரு நாற்காலியை யாரோ செய்து கொடுத்தார்கள். அந்த நாற்காலிதான் நாம் பேச வேண்டிய விஷயம், ஏனென்றால் அது நோயாளியின் கையில் இல்லை.

நான் வேலை பார்த்த பேங்கில் பல ஆண்டு லீவு ரிஜிஸ்டர் என் மேஜையில் இருந்தது. மஞ்சள் காமாலை, டைஃபாய்டு, முதுகு வலி, வைரல் காய்ச்சல் என்று எத்தனையோ மெடிக்கல் சர்டிபிகேட் பார்த்திருக்கிறேன். மனச்சோர்வு என்று எழுதிய சர்டிபிகேட் ஒன்றுகூட வந்ததில்லை. அத்தனை வருஷத்தில் அத்தனை பேரில் ஒருவருக்குக்கூட அது வரவில்லை என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். முதுகு வலிகளில் சில, முதுகில் இருந்திருக்காது.

ஸ்டான் காலிமோர் என்று ஒரு ஆட்டக்காரர். 1995இல் லிவர்பூல் அவரை 85 லட்சம் பவுண்டுக்கு வாங்கியபோது அது பிரிட்டனில் சாதனைத் தொகை. பிறகு ஆஸ்டன் வில்லாவில் இருந்தபோது, 1999இல், மனச்சோர்வுக்காக மருத்துவமனையில் சேர்ந்தார். வாரத்துக்கு இவ்வளவு சம்பளம் வாங்குகிறவனுக்கு என்ன மனச்சோர்வு என்ற பேச்சுதான் அப்போது எங்கும். அவருடைய மேனேஜரே அந்த மாதிரித்தான் பேசியதாகச் செய்தி வந்தது. நமக்கு இது புதிது இல்லையே. ‘உனக்கென்ன குறைச்சல்? சொந்த ஃபிளாட், நல்ல வேலை, தங்கமான குழந்தைகள்.’ இதை நாம் ஆறுதல் என்று நினைத்துத்தான் சொல்கிறோம். கேட்கிறவர் காதில் விழுவது வேறு: கஷ்டப்படவும் உனக்குத் தகுதி இல்லை.

இதற்கு நேர்மாறாக ஒன்று. இனியெஸ்டாவை எல்லோருக்கும் தெரியும். 2010 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஸ்பெயினுக்காக 116ஆவது நிமிடத்தில் கோல் போட்டவர். போட்டதும் சட்டையைக் கழற்றினார், உள்ளே பனியனில் டேனி ஹார்க்கே என்ற நண்பரின் பெயர். அந்த நண்பர் 2009 ஆகஸ்டில் 26 வயதில் திடீரென்று இறந்தவர். அதற்குப் பிறகான மாதங்களில் இனியெஸ்டா மனச்சோர்வில் இருந்தார். அவரே பின்னாளில் புத்தகத்திலும் பேட்டிகளிலும் சொல்லியிருக்கிறார். அப்போது பார்சிலோனா மேனேஜர் கார்டியோலா. பயிற்சியின் நடுவே முடியவில்லை என்றால் இனியெஸ்டா எழுந்து போகலாம். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். டாக்டரைப் பார்க்கவும் ஏற்பாடு இருந்தது. பெரிய வசனம் ஒன்றும் இல்லை, எழுந்து போக அனுமதி, அவ்வளவுதான். உலகக் கோப்பைக் கோல் அதனால் வந்தது என்று நான் கணக்கை இழுக்க மாட்டேன். ஆனால் அந்த மனிதர் மைதானத்துக்குத் திரும்பி வந்தார்.

இனி ரசிகர்கள். நம் ஊரில் தெரியாத ஒரு ஏற்பாடு அங்கே உண்டு, சீசன் டிக்கெட். ஒரே நாற்காலி, வருஷா வருஷம். பக்கத்து நாற்காலிக்காரரும் அவரே. இருபது வருஷம் தோளோடு தோள் உட்கார்ந்து கத்துவார்கள். ஆனால் ஒருவர் வீடு எங்கே என்று மற்றவருக்குத் தெரியாது. ஆண்கள் மனசை விட்டுப் பேசாத ஒரு நாட்டில், வாராவாரம் ஆயிரக்கணக்கான ஆண்கள் கூடுகிற இடம் மைதானம்தான் என்பதை இங்கிலீஷ் கால்பந்துச் சங்கம் கொஞ்சம் தாமதமாகக் கண்டுகொண்டது. 2020 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பையின் மூன்றாவது சுற்று ஆட்டங்கள் அத்தனையும் ஒரு நிமிடம் தாமதமாகத் தொடங்கின. 3 மணி ஆட்டம் 3.01க்கு. அந்த ஒரு நிமிடம் உங்கள் மனநலத்தைப் பற்றி யோசியுங்கள் என்றார்கள். இளவரசர் வில்லியம் முன்னின்ற இயக்கம் அது. ஒரு நிமிடத்தில் என்ன ஆகிவிடும் என்று சிரித்தவர்களும் உண்டு. எனக்கும் அது கொஞ்சம் சடங்காகத்தான் பட்டது.

நார்விச் சிட்டி கழகம் 2023 அக்டோபரில் வெளியிட்ட படம் அப்படி இல்லை. கூட்டம் தொடங்கும் முன் திரையில் போட்டோமே, அதுதான். தாமதமாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இரண்டு ரசிகர்கள். ஒருவர் கலகலப்பு, சிரிப்பு, பாட்டு. மற்றவர் உம்மென்று இருக்கிறார். ஆட்டத்துக்கு ஆட்டம் இதேதான். நாம் எல்லோரும் அந்த உம்மணாமூஞ்சியைப் பார்த்தே கவலைப்படுகிறோம். கடைசியில் அவர் தனியாக வந்து, கையிலிருந்த ஸ்கார்ஃபைப் பக்கத்துக் காலி நாற்காலியில் போடுகிறார். போய்விட்டவர் சிரித்துக்கொண்டிருந்தவர். உங்கள் பக்கத்தில் இருப்பவரை விசாரியுங்கள் என்று ஒரு வரி. படம் முடிந்தது.

பன்னிரண்டு வருஷமாக ஒரே லிஃப்டில் ஏறி இறங்குகிறோம். ஒருவர் கார் பார்க்கிங் நம்பர் மற்றவருக்கு மனப்பாடம், மெயின்டனன்ஸ் பாக்கி யார் யாருக்கு எவ்வளவு என்பதும் தெரியும். சாயங்கால நடைக்கு வந்துகொண்டிருந்தவர் மூன்று வாரமாக வரவில்லை என்றால், ‘ஊருக்குப் போயிருப்பார்’ என்று விட்டுவிடுகிறோம். கதவைத் தட்டி ‘ஆளைக் காணோமே சார்’ என்று கேட்கலாம். பெண்கள் இதில் நம்மைவிட எவ்வளவோ மேல், அவர்கள் கேட்டுவிடுகிறார்கள். அவர் ஏதாவது சொன்னால், உடனே யோகா, வாக்கிங், கோயில் என்று பட்டியல் போடாமல் கொஞ்ச நேரம் கேட்டாலே போதும். சாவைப் பற்றி நினைக்கிறாரோ என்று சந்தேகம் வந்தால் நேராகவே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்று நாம் பயப்படுகிறோம். அப்படி ஆவதில்லை, கேட்பது பாரத்தைக் குறைக்கும் என்றே இந்தத் துறையினர் சொல்கிறார்கள். அப்படி ஒருவர் சொன்னால் அவரைத் தனியாக விடாமல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகவேண்டும். மற்றபடி அவர் சொன்னது நம்மோடு நிற்க வேண்டும். நம் வாட்ஸாப் குரூப்புக்கு வந்தால், லிங்குக்கு வந்த இரண்டரை ஆண்டு இங்கேயும் ஆரம்பிக்கும்.

ஒரு பேங்க்காரன் புத்தியில் ஒரு தகவல். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்குத் தருகிற அதே அடிப்படையில் மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்கிறது. உங்கள் பாலிசியை எடுத்து அந்தப் பக்கத்தைப் படித்து வையுங்கள். பிரீமியம் கட்டுகிறோம், படிப்பதில்லை.

மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். உங்களுக்காகவும் கூப்பிடலாம், வீட்டில் ஒருவருக்கு என்ன செய்வது என்று கேட்கவும் கூப்பிடலாம். ஒவ்வொரு பிளாக்கிலும் லிஃப்டுக்கு உள்பக்கம் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். நோட்டீஸ் போர்டில் வேண்டாம் என்றேன், நின்று எழுதிக்கொண்டால் நாலு பேர் பார்ப்பார்கள். லிஃப்டில் யாரும் பார்க்காமல் போனில் படம் எடுத்துக்கொள்ளலாம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். மருந்து பற்றி என்றால் டாக்டரிடம்தான் அனுப்புவேன். ஆஃப்சைடு பற்றி என்றால் நானே சொல்கிறேன்.